மற்றும் குழுவினர்

பாலு சார், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ராகம் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் தபால் உறை ஒட்டியவனுக்கு ராகம் எங்கிருந்து தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பொத்தான்கள். எதை அமுக்கினால் எது வரும் என்று சொல்வேன். பஜனைக்கு அது போதுமா என்று நீங்கள் அன்று சந்தேகப்பட்டீர்கள். போதும் என்று இன்று தைரியமாகச் சொல்லலாம்.

நம் லக்ஷ்மிபாய் நகர் பஜனைக் குழுவின் வெள்ளி விழா மலருக்கு, பஜனையில் சிந்தசைசர் வந்த கதையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். "காமெடியா இருக்கட்டும் வைத்தி, மலர்னா எல்லாரும் அழுது வடியறா," என்று போனில் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து என் தங்கை வந்து, என்ன ஆச்சு அண்ணா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள்.

1996-ல் டெல்லி செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில், விடிய விடிய நடக்கும் தேவி ஜாக்ரண் பஜனைகளில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபியிடம் அதை வாங்கினேன். அறுபத்தொரு கட்டைகள், நூற்று இருபத்தெட்டு ஓசைகள். உறை கிடையாது. படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து, ஐ.டி.ஓ. சிக்னலில், "லாஷ் ஹை க்யா, பாய்சாப்?" என்று கேட்டான். பிணமா என்று கேட்கிறான். இல்லையப்பா, சாமி பாட்டு என்றேன்.

அதுவரை குழுவில் உங்கள் ஆர்மோனியம் ஒன்றுதான். அதற்கு இருந்த ஓசையும் ஒன்றுதான். என்னிடம் வயலின் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது, நூற்றுப் பன்னிரண்டை அமுக்கினால் ஷெனாய் வந்தது. தாளத்துக்குத் தனிப் பொத்தான், அதில் பங்க்ரா அடியும் உண்டு. முதல் சனிக்கிழமை முருகன் பாட்டுக்கு பங்க்ரா போட்டேன். மாடி வீட்டு சர்தார்ஜி வேட்டியோடு படியிறங்கி வந்து உங்கள் ஹாலில் தோளைக் குலுக்கினார். மயில் வாகனனே இறங்கி வந்து ஆடியிருப்பான். மூன்றாவது வாரம் ஹாலில் இடமில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள், நலங்குக்குக் கூப்பிட்டார்கள், கோல் மார்க்கெட்டில் கிறிஸ்துதாஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் கீர்த்தனைக்குக்கூட என் பொட்டி போயிற்று. எல்லாவற்றுக்கும் பொருந்தியது. எதற்குத்தான் பொருந்தாது என்று எனக்கே ஆச்சரியம்.

நீங்கள் பெருந்தன்மையாக ஆர்மோனியத்தைப் பரணில் வைத்துவிட்டு ஜால்ராவை எடுத்துக்கொண்டீர்கள். அதை மலரில் குறிப்பிட வேண்டும்.

இப்போது ஜலஜா. மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஜலஜா சரோஜினி நகரில் அம்மாவோடு இருந்தாள். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க அங்கே பேசிச் சம்பாதித்த குரலைச் சனிக்கிழமை இங்கே கொண்டுவந்து பாடுவாள். ஐந்து கட்டை சுருதி, அதுதான் அவள் தொண்டைக்கு வசதியான உயரம். அப்பாவின் சர்க்கார் உத்தியோகத்தால் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பாட்டுகளை ஹிந்தி எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருப்பாள். ழகரம் மட்டும் கொஞ்சம் தடுக்கும். மற்றபடி அந்தக் குரலைப் பற்றி எழுத எனக்குப் படிப்பு போதாது. நானே பல தடவை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன், யாரும் கவனித்ததில்லை.

ஹெலிகாப்டர் விஷயத்தை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். என் கீபோர்டில் 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி. ஜப்பான்காரன் எதற்கு வைத்தானோ. ஒருநாள் பிள்ளையார் பாட்டின் நடுவில் விரல் தவறி 126 விழுந்து, ஹாலுக்குள் ஹெலிகாப்டர் இறங்கியது. பதறிப்போய் ஒன்று குறைத்தேன். டெலிபோன் மணி அடித்தது. பாடிக்கொண்டிருந்த ஜலஜா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, இல்லாத ரிசீவரைத் தேடி, மைக்கில் "குட் ஈவினிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்றாள். அரைமணி நேரம் பஜனை நடக்கவில்லை. அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைத்தி சார், இனிமே எனக்கு ட்யூட்டி எது பக்தி எதுன்னு தெரியாம பண்ணிட்டேள்," என்றாள். என் வாழ்க்கையின் நல்ல நாள்களில் அது ஒன்று.

1998 மகரவிளக்குக்கு நீங்கள் ஒரு நோட்டீஸ் அடித்தீர்கள். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. "செல்வி ஜலஜா மற்றும் குழுவினர்" என்று போட்டிருந்தது. ஜலஜா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதுல என் பேர் எங்க சார் இருக்கு?"

காட்டினேன்.

"பக்கத்துல என்ன?"

"மற்றும் குழுவினர்."

"அப்படின்னா?"

"நாங்கள்ளாம்."

"அச்சா," என்றாள்.

மற்றும் நல்ல சொல்தான். ஆபீசிலும் "திரு. சக்சேனா மற்றும் ஊழியர்கள்" என்றுதான் வரும். ஆனால் ஷெனாய் நான், வயலின் நான், புல்லாங்குழலும் பங்க்ராவும் நான். இத்தனை பேரையும் சேர்த்து ஒரு மற்றும். இதைப் பொறாமை என்று யாராவது அடிக்குறிப்பு எழுதினால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் கீபோர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, அதுவரை படிக்காத பக்கங்களைப் படித்தேன்.

அதில் மாஸ்டர் ட்யூன் என்று ஒன்று இருந்தது. சாதாரணமாக யாரும் தொடமாட்டார்கள். அரைக் கட்டை சுருதியை நூறு சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஏற்றலாம், இறக்கலாம். ஐந்தாறு படி ஏற்றினால் மனுஷக் காதுக்குத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆர்மோனியத்தில் இது நடக்குமா. நாதஸ்வரத்தில் நடக்குமா. எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை வந்தது, அவ்வளவுதான்.

வாரம் ஆறு படி என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை யாரும் வருவதற்கு முன் ஏற்றிவிடுவேன். திரையில் எண் தெரியுமே என்று அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன். உங்கள் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு, "வைத்திக்குப் பக்தி வந்துடுத்து," என்று சந்தோஷப்பட்டு எனக்கு மட்டும் இரண்டாவது தரம் சுண்டல் போட்டார்.

ஜலஜாவிடம் ஒரு சுருதிப் பெட்டி இருந்தது. வீட்டில் அதை வைத்துச் சாதகம் பண்ணுவாள். "டெல்லி வோல்டேஜை நம்பி அதை வெச்சுக்காதே ஜலஜா, கரண்ட் இறங்கினா சுருதியும் இறங்கிடும்," என்றேன். சாயங்காலம் ஆனால் எல்லார் வீட்டிலும் ட்யூப் லைட் கண் சிமிட்டும் காலம் அது, உடனே நம்பினாள். பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். பதிலுக்கு மாதம் ஒரு கேசட்டில் என் கீபோர்டின் சுருதியைப் பதிவுசெய்து கொடுத்தேன். ஆகவே வீட்டிலும் அவள் என்னோடுதான் ஏறினாள்.

இதில் மிகவும் சிரிப்பான இடம் உங்களுடையது, சார். ஜூன் மாதம், நல்ல வெயில் காலம், பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. கீபோர்டு செத்தது. நீங்கள் ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கி, இருட்டில் தடவி ஐந்து கட்டையைப் பிடித்தீர்கள். அவள் அப்போது ஐந்தரையைத் தாண்டியிருந்தாள். இரண்டும் சேர்ந்து ஒலித்ததைக் கேட்டு நாய்கூட எழுந்து போயிற்று. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா. "அடடா, பரண் சூட்டுல ரீடெல்லாம் போயிடுத்தே," என்றீர்கள். மறுவாரமே தர்யாகஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போய், ரீடைச் சுரண்டி, அதை என் கீபோர்டுக்கு ஒத்துவரும்படி மாற்றிக்கொண்டு வந்தீர்கள். நாற்பது வருஷம் ஒழுங்காகப் பேசிய ஆர்மோனியம். மெஷின் பொய் சொல்லுமா என்று நீங்களே அந்த ரிப்பேர்க்காரனிடம் வாதாடியதாகச் சொன்னீர்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு ஜாக்கிரதையாக, பெரிய டார்ச் பேட்டரி ஆறு வாங்கிப் போட்டுவிட்டேன்.

அவள் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. இதை நடுநிலையோடு பார்க்க வேண்டும். ஐந்து கட்டையில் பாடியபோது ஜலஜா நன்றாகப் பாடும் ஒரு பெண். ஆறு கட்டையில் அவள் உச்சஸ்தாயிக்குப் போனால் ஜனங்களுக்கு மூச்சு நிற்கும். நேதாஜி நகரிலிருந்து, ஆர்.கே. புரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். நவராத்திரியின்போது கேசட் போடும் சாவ்லா என்பவர் கேட்டுவிட்டு, "க்யா கலா ஹை," என்ன தொண்டை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை. ஜனவரிக்குப் பிறகு தென்னிந்திய பக்திப் பாடல் கேசட் ஒன்று போடலாம் என்றார். வாசிக்க அவரிடமே ஆட்கள் இருக்கிறார்களாம், பாடுகிறவர் மட்டும் வந்தால் போதுமாம். ஜலஜாவுக்கு என்னிடம் அதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "நான் நம்ம பொட்டியும் வரணும்னு கேட்டுப் பாக்கறேன் சார்," என்றாள். வேண்டாம், நீ போ, உனக்குத்தான் நல்லது என்று நான் சொன்னேன். அவளையே கேட்கலாம்.

இடையில் நீங்களும் ஒருநாள் கேட்டீர்கள். "ஏண்டா வைத்தி, ஜலஜா கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பாடறாளோ?" குளிர்காலம் சார் என்றேன். ஆமாம், நேத்து எனக்கும் தொண்டை கட்டியிருந்தது என்று மிளகுப் பால் குடிக்கப் போய்விட்டீர்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஜலஜா சீக்கிரம் வந்தாள். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். குரல் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"தொண்டை டாக்டர்கிட்ட போனேன் சார். குரல் நாண்ல ரெண்டு சின்ன வீக்கமாம். மூணு மாசம் சுருதியை இறக்கிப் பாடினா தானா அமுங்கிடுமாம். இல்லேன்னா வெடிச்சு ரத்தம் கட்டிடும், அப்புறம் பேச்சே போயிடும்னு சொன்னார். ஓட்டல்லயும் கேக்க ஆரம்பிச்சுட்டா, என்ன ஜலஜா ஜலதோஷமான்னு. அந்த வேலை போனா எங்களுக்கு ஒண்ணுமில்ல சார். ஒரு கட்டை இறக்கிடுங்கோ."

"இதுக்கா இவ்ளோ கவலை? ஒரு பொத்தான்தானே," என்றேன்.

அவள் பார்க்கப் பார்க்க அமுக்கினேன். டக் என்று சத்தம் கேட்டது. அது தாளத்தை மாற்றும் பொத்தான். அந்த வாரத்து ஆறு படியை அவள் வருவதற்கு முன்பே ஏற்றியிருந்தேன்.

அவள் கண்ணை மூடி மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்பாடா, எவ்ளோ லேசா இருக்கு சார்," என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லேசாக இருக்கிறது என்று பாடுகிறவளே சொல்லும்போது, ராகம் தெரியாத நான் யார் மறுப்பதற்கு.

ஏன் இறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைக்கு இருநூற்று எழுபத்தாறு படி ஆகியிருந்தது. முன்னூறுக்கு நான்கே வாரம். டெஸ்பாட்சில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான், ஒரு கட்டுக்கு நான்கு உறை குறைந்தால் கட்டு கட்டாகாது.

1999 ஜனவரி ஆண்டு விழாவன்று அது முன்னூறு. ஆறரைக் கட்டை. சமூகக் கூடத்தில் உட்காரத் தரை இல்லை. முதல் வரிசையில் சாவ்லா, கையில் கையெழுத்து வாங்கவேண்டிய காகிதம். நோட்டீஸில் மறுபடியும் அதே வரிதான், நீங்கள் போன வருஷத்து அச்சையே கொடுத்திருந்தீர்கள். நான்காவது பாட்டு முருகன் பாட்டு. பங்க்ரா போட்டேன். ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். அவள் உச்சிக்குப் போனாள், நின்றாள், கூடம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. நானும் அவளும் எங்கே இருக்கிறோம் என்று எனக்கு ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அவ்வளவு ஆனந்தத்தை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் இல்லை. இரண்டாவது முறை அதே வரிக்கு ஏறியபோது புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் மைக்கில் கேட்டது. அப்புறம் வெறும் காற்று.

நான் தயாராக இருந்தேன். ஐம்பத்து மூன்றை அமுக்கினேன். 53 என்பது மனிதக் குரல்கள், ஆ என்று பாடும். விட்ட இடத்திலிருந்து வரியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவள் வாய் திறந்தபடி இருந்ததால் இரண்டு வரிக்கு யாருக்கும் தெரியவில்லை. சாவ்லா எழுந்து நின்று கைதட்டினார். கூடமே தட்டியது. 127 இல்லை, நிஜக் கைதட்டல். அது எனக்கு. பிறகுதான் அவள் கைக்குட்டையை வாயில் வைத்ததும், அது சிவந்ததும், நீங்கள் ஜால்ராவைப் போட்டுவிட்டு ஓடியதும்.

ஆபரேஷன் இரண்டு நடந்தது. குரல் வரவில்லை. பக்கத்தில் காதை வைத்தால் காற்றாக ஏதோ கேட்கும். ஓட்டலில் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்கிறாள். சாவ்லா கேசட்டைக் கைவிடவில்லை, என்னை வாசிக்க வைத்து வாத்திய இசையாகவே போட்டார். சரோஜினி நகர் மார்க்கெட்டில் இரண்டு தீபாவளிக்கு அது ஓடியது. அட்டையில் என் பெயர் மட்டும்தான், மற்றும் இல்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடக் கூடாது. ஐம்பது வாரம், முன்னூறு படி, ஒரு காதுக்குக்கூடப் பிடிபடவில்லை. எந்த வித்வானாவது செய்து காட்டட்டும். பக்கம் போதாவிட்டால் ஹெலிகாப்டரை வெட்டுங்கள், மாஸ்டர் ட்யூனில் கைவைக்காதீர்கள். ஜலஜா பார்த்துவிடுவாளே என்று தயங்க வேண்டாம். மலர் தமிழில்தானே வருகிறது. விழா நோட்டீஸில் "வைத்தி மற்றும் குழுவினர்" என்று இருக்கட்டும். அவள் வந்து கேட்டால் நானே படித்துக் காட்டுகிறேன்.

எட்டு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வருகிறாள், உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா போடுகிறாள். எப்போதாவது நான் விளையாட்டாக 125-ஐ அமுக்குவேன். இன்னும் அவள் கை ரிசீவருக்குப் போகிறது, வாய் திறக்கிறது. எல்லாரும் சிரிக்கிறோம், அவளும் சத்தமில்லாமல் சிரிக்கிறாள். அவ்வளவு நல்ல சுருதிக்குத் தன் தொண்டைதான் ஈடுகொடுக்கவில்லை என்று அவளுக்கு இன்றுவரை வருத்தம். நானும் ஆறுதல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மனசு விட்டுப் பழகுகிறவர்களுக்கு நடுவில் மனத்தாங்கல் வராது. வேண்டுமானால் காலனி முழுக்க விசாரித்துப் பாருங்கள் சார், இந்த எட்டு வருஷத்தில் ஜலஜா என்னைப் பற்றி வாய்விட்டு ஒரு குறை சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது.